கிழட்டு டிரக்குக்கு மாற்று இன்ஜின்: ஒரு குட்டி சரித்திரம்

ஆய்வகத்துல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி நாளாச்சு. மொத்தமா சேர்த்து வச்சு இன்னிக்கு ஒரு நீளமான பதிவா போடுறேன். ஒரு டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். அமெரிக்காவுல 'டிரக்'னு சொன்னா முக்கால்வாசி நேரம் நம்ம ஊர் லாரி இல்லை. முன்னாடி ரெண்டு மூணு பேர் உக்கார்ற கேபின், பின்னாடி திறந்த பெட்டி, அதுக்குப் பின்னாடி ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில மாட்டு டிரெய்லர், குதிரை டிரெய்லர், படகு, டிராக்டர்னு எதையாவது மாட்டி இழுத்துக்கிட்டே இருப்பாங்க. இந்த வண்டிகளோட சேசிஸும் பாடியும் முப்பது நாப்பது வருஷம் உழைக்கும். இன்ஜின் அதுக்கு முன்னாடியே மூச்சு வாங்கும். புது டீசல் டிரக் வாங்கணும்னா செலவு ரொம்ப அதிகம். அதனால பழைய வண்டியை வச்சுக்கிட்டு இன்ஜினை மட்டும் மாத்துறாங்க. மாத்துறதுன்னு முடிவு பண்ணின உடனே அடுத்த கேள்வி, எந்த இன்ஜின்?

இந்தக் கேள்விக்கு இங்க யாரைக் கேட்டாலும் 'கம்மின்ஸ் பன்னிரண்டு வால்வு'ன்னு ஒரே பதில் வரும். குலதெய்வம் பேரைச் சொல்ற மாதிரி சொல்லுவாங்க. அந்தப் பேர் எப்படி இவ்வளவு பெருசாச்சுன்னு தேடிப் போனப்ப கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு. கதையோட கடைசியில அந்த பதில் எல்லாருக்கும் பொருந்தாதுன்னும் தெரிஞ்சுது. அதையும் சொல்றேன்.

டிரைவர் மாத்தின இன்ஜின்

இண்டியானா மாநிலத்துல கொலம்பஸ்னு ஒரு சின்ன ஊர். அங்க வில்லியம் இர்வின்னு ஒரு பேங்க் முதலாளி. அவர்கிட்ட கார் டிரைவராவும் மெக்கானிக்காவும் இருந்தவர் கிளெஸி கம்மின்ஸ். டிரைவருக்கு இன்ஜின் கிறுக்கு. முதலாளி காசு போட, 1919-ல 'கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனி' ஆரம்பமாச்சு. டீசல் இன்ஜின் செய்யுறதுதான் வேலை. அந்தக் காலத்துல டீசல்னா கப்பலுக்கும் மில்லுக்கும் வைக்கிற ராட்சச சாமான். ரோட்டுல ஓடும்னு சொன்னா சிரிப்பாங்க. பத்து வருஷம் முட்டி மோதியும் கம்பெனி லாபம் பார்க்கலை. 1929 அக்டோபர்ல பங்குச் சந்தை கவிழ்ந்ததும் கதை முடிஞ்சுதுங்கிற நிலைமை.

அப்போ கிளெஸி ஒரு பழைய பேக்கார்ட் காரைப் பிடிச்சு, அதோட பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு, படகுகளுக்காகச் செஞ்ச நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை உள்ள திணிச்சாரு. 1929 கிறிஸ்துமஸ் அன்னிக்கு முதலாளியை அதுல உக்கார வச்சு ஒரு ரவுண்டு அடிச்சுக் காட்டினாரு. 1930 ஜனவரியில அதே காரை நியூயார்க் கார் கண்காட்சிக்கு ஓட்டிக்கிட்டே போனாரு. கிட்டத்தட்ட 800 மைல். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். இந்த ஒரு நம்பர் பத்திரிகைகள்ல பரவுச்சு. முதலாளி மறுபடி காசு போட்டாரு, கம்பெனி பிழைச்சுது.

கவனிச்சீங்களா? இன்னிக்கு உலகம் முழுக்க லாரிகள்ல ஓடுற ஒரு கம்பெனியோட உயிரைக் காப்பாத்தினது ஒரு செகண்ட் ஹேண்ட் காருக்குச் செஞ்ச இன்ஜின் மாற்றம். 1930-கள்ல அமெரிக்க லாரிக் கம்பெனிகள் டீசலைத் தொடத் தயங்கினாங்க. லாரி முதலாளிகள்தான் தங்களோட பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு கம்மின்ஸை மாட்டிக்கிட்டாங்க. 1933-ல கென்வொர்த் கம்பெனி தொழிற்சாலையிலேயே டீசல் மாட்டித் தர ஆரம்பிச்சுது. பட்டறை முதல்ல, தொழிற்சாலை அப்புறம். இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வரும்.

சிம்சன் பஸ் ஸ்டாப் ஆட்களுக்கு ஒரு பத்தி

இதே கதை கடலுக்கு அந்தப் பக்கமும் நடந்துச்சு. இங்கிலாந்துல பீட்டர்பரோ ஊர்ல 1932-ல ஆரம்பிச்ச பெர்கின்ஸ் கம்பெனி, வேகமா சுத்துற சின்ன டீசல் இன்ஜின்களைச் செஞ்சுது. பெட்ரோல் லாரியில இருக்கிற இன்ஜினை எடுத்துட்டு எங்களுதை மாட்டிக்கோங்கன்னு விக்கிறது அவங்க வியாபாரத்துல ஒரு முக்கியமான பகுதி. 1930-களோட கடைசியில வந்த ஆறு சிலிண்டர் 'பி6' இதுல பேர் வாங்குச்சு. அந்த பெர்கின்ஸ் இன்ஜின்களை உரிமம் வாங்கி இந்தியாவுல தயாரிச்சது நம்ம சென்னை சிம்சன் கம்பெனி. அண்ணா சாலையில சிம்சன் ஸ்டாப்புல பஸ்ஸுக்குக் காத்திருந்த எத்தனை பேருக்கு இது தெரியும்? பெட்ரோல் லாரிக்கும் ஜீப்புக்கும் டீசல் மாட்டுறது நம்ம ஊர்ப் பட்டறைகளுக்குப் புதுசே இல்லை. காரணம் ரொம்ப சிம்பிள். டீசல் விலை குறைவு, வண்டி ஓடுற தூரம் அதிகம். இந்த ரெண்டையும் பெருக்கினா வர்ற தொகைதான் இன்ஜினைத் தேர்ந்தெடுத்துச்சு.

பெரிய வி8-களும் எண்ணெய் அடியும்

அமெரிக்காவுல பெட்ரோல் தண்ணி விலைக்குக் கிடைச்ச வரைக்கும் பிக்கப் வண்டிக்காரங்களுக்கு டீசல் தேவைப்படலை. இழுக்கணுமா, இன்ஜினைப் பெருசாக்கு, அவ்வளவுதான். ஃபோர்டுகிட்ட 460 கன அங்குல வி8, செவர்லேகிட்ட 454, கிரைஸ்லர்கிட்ட 440. லிட்டர் கணக்குல சொன்னா ஒவ்வொண்ணும் ஏழுக்கு மேல. மாருதி 800-ஐ ஒன்பது தடவை அடுக்கி வச்ச மாதிரி :-)

1973 அக்டோபர்ல அரபு நாடுகளோட எண்ணெய்த் தடை வந்துச்சு. 1979-ல ஈரான் புரட்சி. ரெண்டு அடியிலயும் பெட்ரோல் விலை எகிறுச்சு, பங்குகள்ல வரிசை நின்னுச்சு. நடுவுல 1975-ல மைலேஜ் சட்டம் வந்து, 1978 மாடல் கார்கள்ல இருந்து அமலாச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் அவசர அவசரமா ஒரு டீசல் வி8 கொண்டு வந்துச்சு. 1978-ல வந்த ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர். கார்கள்லயும் மாட்டினாங்க, பிக்கப்லயும் மாட்டினாங்க.

அதை ஏற்கெனவே இருந்த பெட்ரோல் 350 இன்ஜினோட அளவுகளை வச்சே செஞ்சாங்க. பிளாக்கை கனமா வார்த்தாங்க, அது சரி. ஆனா சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டுகளோட எண்ணிக்கையும் இடமும் பெட்ரோல் இன்ஜின்ல இருந்த மாதிரியே, ஹெட்டுக்குப் பத்து. பெட்ரோல்ல காத்து எட்டு மடங்கு அமுங்கினா போதும். டீசல்ல இருபத்திரண்டு மடங்கு. போல்ட் நீண்டுச்சு, ஹெட் கேஸ்கெட் போச்சு, தண்ணி உள்ள இறங்குச்சு. டீசல்ல கலந்து வர்ற தண்ணியைப் பிரிக்கிற வடிகட்டியும் வைக்காததால இன்ஜெக்‌ஷன் பம்பும் போச்சு. வழக்கு, நஷ்டஈடுன்னு இழுத்து, 1985-ல உற்பத்தியை நிறுத்தினாங்க.

வேடிக்கை என்னன்னா, பெட்ரோல் இன்ஜின் அளவுலயே செஞ்சதால, கடுப்பான வண்டிக்காரங்க டீசலைக் கழட்டி காயலான் கடையில போட்டுட்டு அதே இடத்துல பெட்ரோல் 350-ஐ சுலபமா மாட்டிக்கிட்டாங்க. கம்பெனி பண்ணின தப்பைப் பட்டறைகள் திருப்பிப் போட்டுச்சு. அந்தக் கனமான டீசல் பிளாக்கும் வீணாகலை. ரேஸ்காரங்க அதைத் தேடி வாங்கி பெட்ரோல் ரேஸ் இன்ஜின் கட்டினாங்க. அமெரிக்கக் கார்க்காரங்களுக்கு டீசல்னாலே அலர்ஜி வந்ததுல இந்த இன்ஜினுக்குப் பெரிய பங்கு இருக்கு.

டிராக்டர் இன்ஜின் வந்த கதை

பிக்கப்காரங்க மட்டும் டீசலை விடலை. இழுக்கிற வேலை அவங்களுக்குத்தானே. 1982-ல ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் டீசல் கொண்டு வந்துச்சு, 130 குதிரைசக்தி. மைலேஜ் கொடுத்துச்சு, ஆனா சுமையோட மேடு ஏறச் சொன்னா அழுதுச்சு. 1983 மாடல்ல ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்கிட்ட இருந்து 6.9 லிட்டர் வாங்கிப் போட்டுச்சு, 170 குதிரைசக்தி. ரெண்டுலயும் டர்போ கிடையாது. ரெண்டுலயும் டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாம பக்கத்துல ஒரு சின்ன அறையில எரிய ஆரம்பிச்சு அப்புறம் வெளிய வரும். சத்தம் குறையும், ஆனா சூடு வீணாகும்.

இதுக்கு நடுவுல கம்மின்ஸ், டிராக்டர் செய்யுற கேஸ் கம்பெனியோட சேர்ந்து வட கரோலினாவுல ஒரு தொழிற்சாலை போட்டு, 'பி' வரிசைன்னு நடுத்தர இன்ஜின்களைச் செய்ய ஆரம்பிச்சிருந்துச்சு. வயல் இயந்திரங்களுக்கும், மண்ணள்ளுற இயந்திரங்களுக்கும், நடுத்தர லாரிகளுக்கும். ஒரே வரிசையில ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், டர்போ உண்டு, டீசல் நேரடியா சிலிண்டருக்குள்ள. கேம் ஷாஃப்ட்டை ஓட்ட பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, முழுக்கப் பல்சக்கரம். நாள் முழுக்க முழு சுமையில ஓடுறதுக்காகவே கட்டினது.

கிரைஸ்லரோட டாட்ஜ் பிக்கப் அப்போ விற்பனையில மூணாவது இடம். பாடி டிசைன் 1972-ல வந்தது. புதுசா செய்ய காசில்லை. அந்தப் பழைய பாடிக்குள்ள 1989 மாடல்ல கம்மின்ஸ் 5.9-ஐ இறக்கினாங்க. யோசிச்சுப் பாருங்க, இதுவே தொழிற்சாலை செஞ்ச ஒரு இன்ஜின் ஸ்வாப்தான்! 160 குதிரைசக்தி, 400 பவுண்ட்-அடி டார்க். பாடப்புத்தகத் தமிழ்ல முறுக்குவிசை. டிரெய்லர் இழுக்கிறவங்க இதைப் பார்த்துட்டு ஃபோர்டை விட்டுட்டு டாட்ஜுக்கு வந்தாங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கும் இந்த இன்ஜின் சொந்தக்காரர்தான். 1993-ல உருவான டாடா கம்மின்ஸ் கூட்டுக் கம்பெனி ஜாம்ஷெட்பூர்ல இதே 'பி' வரிசை 5.9-ஐச் செஞ்சு டாடா லாரிகளுக்குக் கொடுத்துச்சு. டாடா 1613 லாரி பின்னாடி பஸ்ல போனவங்க எல்லாரும் அந்த டர்போ விசில் சத்தத்தைக் கேட்டிருப்பீங்க.

அமெரிக்க பிக்கப்கள்ல 1998 நடுப்பகுதி வரைக்கும் வந்தது சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, மொத்தம் பன்னிரண்டு. அதான் 'பன்னிரண்டு வால்வு'. எலக்ட்ரானிக்ஸ் கிட்டத்தட்ட இல்லை. 1994-ல இருந்து வந்ததுல பாஷ் பி7100 பம்பு, அதைக் கொஞ்சம் திருகினாலே பவர் ஏறும். அப்புறம் வந்த இருபத்து நாலு வால்வு இன்ஜின்ல பம்பு எலக்ட்ரானிக் ஆச்சு, கோளாறும் கூடுச்சு. அதுல சில பிளாக்குகள் '53'ன்னு வார்ப்பு எண் போட்டு வந்துச்சு, அதெல்லாம் வெடிப்பு விடும்னு பேர். பன்னிரண்டு வால்வும் குறையே இல்லாதது கிடையாது. டைமிங் கியர் கவசத்துக்குள்ள சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பின் இருக்கும். அதிர்வுல அது வெளிய வந்து பல்சக்கரங்களுக்கு நடுவுல விழுந்தா இன்ஜின் காலி. 'கொலைகார பின்'னே பேர் வச்சிருக்காங்க. பழைய இன்ஜின் வாங்கினா முதல் வேலையா அந்தப் பின் வெளிய வராம ஒரு தகடு வச்சு அடைக்கணும்.

இங்கயும் அதே வரிசைதான். தொழிற்சாலை டாட்ஜுக்கு மட்டும் கொடுத்துச்சு. ஃபோர்டும் செவர்லேயும் வச்சிருந்தவங்க, துருப்பிடிச்ச டாட்ஜ்ல இருந்து கம்மின்ஸைக் கழட்டி தங்க வண்டியில மாட்டிக்கிட்டாங்க. பட்டறைகள் அதுக்கு அடாப்டர் தகடு, மவுண்ட்டுனு தனி வியாபாரமே ஆரம்பிச்சாச்சு.

நம்பர் என்ன சொல்லுது?

எனக்கு ஆச்சரியம் கொடுத்தது இந்த இடம்தான். 1990 வாக்குல வந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் 454-ஐ எடுத்துக்கோங்க. 230 குதிரைசக்தி, 385 பவுண்ட்-அடி, அதுவும் 1600 சுற்றுலயே. ஃபோர்டு 460 அதே 230 குதிரைசக்தி, 390 பவுண்ட்-அடி. கம்மின்ஸ் 160-ம் 400-ம். அதாவது டார்க் கிட்டத்தட்ட சமம், குதிரைசக்தியில பெட்ரோல் முன்னாடி! குதிரைசக்திங்கிறது டார்க்கையும் சுற்றையும் பெருக்கி 5252-ஆல வகுத்தா வர்றது. மேட்டுல எவ்வளவு வேகமா ஏறுவீங்கன்னு தீர்மானிக்கிறது அதுதான். அப்போ காகிதத்துல பார்த்தா பெட்ரோல்தானே ஜெயிக்கணும்?

ஜெயிக்கலை. காரணம் மூணு. ஒண்ணு, எரிபொருள். சுமையோட போறப்ப பெரிய பெட்ரோல் வி8 கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தா பெருசு. கம்மின்ஸ் பன்னிரண்டு பதிமூணு கொடுக்கும். ரெண்டு, உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். டென்வர் மாதிரி அஞ்சாயிரம் அடி உயர ஊர்ல பதினைஞ்சு சதவீதம் போச்சு. டர்போ அதை ஈடு கட்டும். மூணு, ஆயுசு. மணிக்கணக்கா முழு சுமையில ஓடுறது டிராக்டர் இன்ஜினுக்கு தினசரி வேலை, வி8-க்கு அது தண்டனை.

மூணையும் மறுபடி படிச்சுப் பாருங்க. மூணுமே நிறைய தூரம், நிறைய நேரம், மலைப்பாதைன்னு ஓடுறவங்களுக்குத்தான் பலன் தரும்.

பெரியவர் கணக்கு

நான் இருக்கிறது நெப்ராஸ்காவுல, ஊர் எல்லையில ஒரு வாடகை வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், வயசு 74, தனி ஆள். இருபது மாடு வச்சிருக்காரு. 1986 செவர்லே ஒரு டன் டிரக், கார்பரேட்டர் வச்ச 454 இன்ஜின். மாசம் ரெண்டு தடவை மாட்டுச் சந்தைக்கு டிரெய்லர் இழுக்கணும், நடுவுல வைக்கோல் கட்டு. போன வருஷம் அந்த இன்ஜின் புகை கக்க ஆரம்பிச்சுது, ஆயில் பிரஷர் இறங்குச்சு. புது வண்டி வாங்க வசதி இல்லை. வண்டி நின்னா மாட்டை வித்துட வேண்டியதுதான். மாட்டை வித்துட்டா காலையில எந்திரிச்சு என்ன பண்றதுன்னு அவருக்கே தெரியாது. அவர் நேரா சொன்னதில்லை, ஆனா பார்க்கிற நமக்குப் புரியும்.

அவரோட மகன் வெளியூர்ல இருந்து போன் பண்ணி கம்மின்ஸ் போடுங்கப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "நீ இன்ஜினியரிங் படிக்கிற பையன்தானே, கணக்குப் போட்டுக் கொடு"ன்னாரு. சமையல் மேசையில உக்காந்து மூணு வழியையும் எழுதினோம்.

முதல் வழி, கம்மின்ஸ். இன்ஜின் எடை சுமார் 1100 பவுண்ட், இருக்கிற 454-ஐ விட நானூறு பவுண்டு கூட. முன்பக்க ஸ்பிரிங் மாத்தணும், ரேடியேட்டர் மாத்தணும், டர்போ காத்தைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்கு இடம் பண்ணணும். அப்புறம் பின்னச்சு கியர். அவர் வண்டியில 4.10 விகிதம், கியர்பாக்ஸ்ல ஓவர்டிரைவ் இல்லை. 31.7 அங்குல டயர்ல 65 மைல் வேகத்துக்கு இன்ஜின் 2800 சுற்றுக்கு மேல சுத்தணும். பெட்ரோலுக்கு அது சாதாரணம். கம்மின்ஸோட உச்சமே 2500, அதுக்கு மேல கவர்னர் டீசலைக் குறைக்க ஆரம்பிச்சுடும். அப்போ பின்னச்சை 3.54 ஆக்கணும், 2440 சுற்றுல வந்து நிக்கும். பட்டறையில கேட்ட மொத்த மதிப்பு 14,000 டாலர்.

ரெண்டாவது வழி, இப்போ இளவட்டங்கள் எல்லாம் போடுற செவர்லே 6.0 லிட்டர் வி8. 1999-ல இருந்து டிரக்குகள்ல வந்தது, 300 குதிரைசக்தி, காயலான் கடையில மலிவாக் கிடைக்கும். இரும்பு பிளாக், நல்ல இன்ஜின், அவரோட 4.10 கியருக்கும் ஒத்துவரும். ஆனா டார்க் உச்சம் 4000 சுற்றுல. கீழ இருந்து மெதுவா இழுத்துப் பழகின பெரியவருக்கு, ஒவ்வொரு மேட்டுலயும் இன்ஜின் கத்துறது பிடிக்காது. வயரிங், கம்ப்யூட்டர், ஃபியூயல் பம்பு எல்லாம் புதுசு. செலவு 7,000.

மூணாவது வழி, இருக்கிற 454-ஐயே இறக்கி, போர் போட்டு, கிராங்க் தேய்ச்சு, ஹெட் வேலை பார்த்து மறுபடி மாட்டுறது. 5,000.

சட்டத்தையும் பார்த்தோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 1974-லயே இதுக்கு வழிமுறை சொல்லியிருக்கு. மாட்டுற இன்ஜின் வண்டியோட வருஷத்துக்குச் சமமாவோ புதுசாவோ இருக்கணும், அந்த மாதிரி வண்டிக்குச் சான்று வாங்கின அமைப்பா இருக்கணும், அதோட புகைக்கட்டுப்பாட்டுச் சாமான் எல்லாம் கூடவே வரணும். நெப்ராஸ்காவுல வருஷாவருஷம் புகை சோதனை இல்லைங்கிறதால நிறைய பேர் இதை மறந்துடுறாங்க. கலிஃபோர்னியாவுல மறக்க முடியாது :-)

இப்போ மெயின் கணக்கு. அவர் வருஷத்துக்கு ஓட்டுறது சுமார் 3,000 மைல். கேலனுக்கு 8 மைல்னா 375 கேலன் பெட்ரோல். கம்மின்ஸ் 13 கொடுத்தா 231 கேலன் டீசல். மிச்சம் 144 கேலன். ரெண்டும் கேலன் மூன்றரை டாலர்னே வச்சுக்கிட்டாலும் வருஷத்துக்கு 504 டாலர் மிச்சம். இங்க டீசல் பெரும்பாலும் பெட்ரோலை விட விலை அதிகம்ங்கிறதால நிஜத்துல இன்னும் குறைவு. கம்மின்ஸுக்கும் 454 ரிப்பேருக்கும் வித்தியாசம் 9,000 டாலர். வகுத்துப் பார்த்தா கிட்டத்தட்ட 18 வருஷம்.

பெரியவர் பேப்பரைப் பார்த்தாரு. "அப்போ எனக்கு 92 வயசு. அந்த வருஷம் முதல் லாபம் வரும், பார்ட்டி வச்சுடலாம்"னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

இதே கணக்கை வருஷத்துக்கு 30,000 மைல் ஓட்டுறவருக்குப் போடுங்க. மிச்சம் பத்து மடங்கு, 5,040 டாலர். ரெண்டு வருஷத்துக்குள்ள 9,000 திரும்பி வந்துடும். அந்த ஆளுக்கு கம்மின்ஸ் தெய்வம்தான். பையன் சொன்ன இன்ஜின் தப்பில்லை, அது வேற ஆளோட இன்ஜின்.

இழுக்கிறது பாதி, நிறுத்துறது மீதி

மிச்சமான காசுல என்ன பண்றதுன்னு பேச்சு வந்தப்ப எனக்கு கிளெஸி கம்மின்ஸோட இன்னொரு கதை ஞாபகம் வந்துச்சு. 1931-ல அவர் தன்னோட டீசல் லாரியை நாட்டுக்குக் குறுக்கே விளம்பரத்துக்காக ஓட்டிட்டுப் போனாரு. கலிஃபோர்னியாவுல கஹோன் கணவாய் இறக்கத்துல பிரேக் சூடாகிப் பிடிக்காம போச்சு. கீழே ரயில் பாதை, அதுல ஒரு சரக்கு ரயில் குறுக்கே போய்க்கிட்டு இருக்கு. கடைசிப் பெட்டி கடந்து போகவும் இவரோட லாரி பாதையைத் தாண்டவும் சரியா இருந்துச்சாம்.

பெட்ரோல் இன்ஜின்ல காலை எடுத்தா காத்து வழி அடைபட்டு இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். டீசல்ல காத்து வழியை அடைக்கிற மூடியே கிடையாது, அதனால இறக்கத்துல அது வண்டியைத் தடுக்கிறது ரொம்பக் குறைவு. கிளெஸி இதை மறக்கலை. ஓய்வு பெற்ற பிறகு, காத்து அமுங்கி முடியிற நேரத்துல எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து விட்டு, இன்ஜினையே பிரேக்கா மாத்துற கருவியைக் கண்டுபிடிச்சாரு. ஜேக்கப்ஸ் கம்பெனி 1961-ல அதைத் தயாரிக்க ஆரம்பிச்சுது. இன்னிக்கு அமெரிக்க நெடுஞ்சாலையில இறக்கத்துல லாரிகள் 'டர்ர்ர்'னு அடிக்கிற சத்தம் அதுதான். பழைய டிரக்குக்கு கம்மின்ஸ் மாட்டுறவங்க எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்த்து மாட்டுறது இதுக்குத்தான். மாட்டாதவங்க நிறைய பேர்.

இன்னொண்ணு. இன்ஜினை எவ்வளவு பெருசா மாத்தினாலும், கதவோரம் கம்பெனி ஒட்டியிருக்கிற எடை வரம்பு மாறாது. சேசிஸ், அச்சு, பிரேக், டயர் எல்லாம் அதே பழசுதானே? புது இன்ஜின் பத்தாயிரம் பவுண்டை அசால்ட்டா இழுக்கும். அதை நிறுத்தப் போறது 1986-ல செஞ்ச பிரேக்.

பெரியவர் 454-ஐயே கட்டச் சொல்லிட்டாரு. மிச்சத்துல ஒரு பகுதியில வண்டிக்கு நாலு சக்கர பிரேக் வேலை, டிரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர், கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரு கூலர், புது ரேடியேட்டர். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாடுகள் கொட்டில்லயே இருக்கு, வண்டி சந்தைக்குப் போய்க்கிட்டு இருக்கு.

சரித்திரம் சொல்றது

ஒவ்வொரு காலத்துலயும் இன்ஜினை மாத்தினவங்க தங்களோட கேள்விக்குத்தான் பதில் தேடியிருக்காங்க. 1929-ல கிளெஸிக்கு முதலாளியை நம்ப வைக்கணும். நம்ம ஊர் லாரிக்காரருக்கு டீசல் விலையும் ஓடுற தூரமும். 1980-கள்ல ஓல்ட்ஸ்மொபைல் வாங்கி மாட்டிக்கிட்டவருக்கு அந்தச் சனியனை ஒழிக்கணும். 1990-கள்ல டிரெய்லரே வாழ்க்கைன்னு இருந்தவருக்கு மைலேஜும் ஆயுசும். பதிலை மட்டும் கடன் வாங்கி, கேள்வியை விட்டுட்டா 14,000 டாலர் அம்போ. இன்னிக்கு பழைய பன்னிரண்டு வால்வு இன்ஜின் விக்கிற விலையில பாதி இரும்புக்கு, பாதி அந்தப் புகழுக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அதனால உங்ககிட்ட யாராவது 'எந்த இன்ஜின் போடலாம்'னு கேட்டா, எவ்வளவு எடை, வருஷத்துக்கு எத்தனை மைல், மலையா சமவெளியா, இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்கன்னு நாலு கேள்வி திருப்பிக் கேளுங்க. பிரேக் எப்படி இருக்குன்னு அஞ்சாவதா கேளுங்க. இல்லை, அதை முதல்லயே கேட்டுடுங்க.

உங்க ஊர்ல பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் மாட்டின கதை, பட்டறை மாமாக்கள் பண்ணின அதிசயங்கள் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல எடுத்து விடுங்க. நாமக்கல், சங்ககிரி பக்கத்து மக்கள் கண்டிப்பா வரணும். இப்போ நான் போய் ஆணி பிடுங்குறேன்.

டிஸ்கி: பட்டறைச் செலவு எல்லாம் எங்க ஊர்ல எங்களுக்குச் சொன்னது. உங்க ஊர் விலைக்கு நான் ஜவாப்தாரி இல்லை :-)